நான் போட்ட முட்டை

2019 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய வாரம், ஒரு மாணவிக்கு முட்டை போட்டேன். பத்துக்குப் பூஜ்யம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்திலேயே சிவப்பு மையில், ‘இது யாருடைய கணக்கு?’ என்று வேறு எழுதியிருந்தேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தருவது என் பிழைப்பு. அப்போது அந்த வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. எட்டு வருஷத்தில் காப்பியடித்த விடைத்தாளை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று ஒரு மிதப்பு. நான் கொடுத்திருந்த கணக்கு, பாடப்புத்தகத்தின் நாலாம் அத்தியாயத்தில் 17-வது பயிற்சி. ஒரு கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் நேரம் பற்றியது. அவள் எழுதிக் கொடுத்திருந்ததோ பெட்டியில் அடுக்கிய ஆப்பிள்களின் எடை. படிக்குப் படி அழகாக, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) வரை தப்பே இல்லாமல், ஆப்பிள்.

வேறு வகுப்பிலோ போன வருஷமோ யாரோ போட்ட கணக்கைப் பார்க்காமலேயே எடுத்து எழுதியிருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அறைக்கு வந்தாள். அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. பையிலிருந்து சுருள் கம்பி கோத்த ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, நாலாம் அத்தியாயத்தைப் புரட்டி, 17-ஐ விரலால் தொட்டுக் காட்டினாள். ஆப்பிள்தான். பக்கத்தின் ஓரத்தில், என்றோ புத்தகத்தைக் கண்ணாடிமேல் அழுத்திப் பிடித்த யாரோ ஒருவரின் கட்டைவிரல் கறுப்பாக விழுந்திருந்தது. நடு மடிப்புப் பக்கம் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எழுத்து காணாமல் போயிருக்க, அந்த எழுத்துகளை அவள் பென்சிலால் நிரப்பியிருந்தாள். புத்தகம் முழுக்க.

அது மூன்றாம் பதிப்பு. அவளுடைய பெரியப்பா பெண் படித்தபோது எடுத்த ஜெராக்ஸ். என் கையில் இருந்தது ஐந்தாம் பதிப்பு. அதில் ஆப்பிள் 23-வது பயிற்சியாகிவிட்டது, 17-ல் கிளினிக் வந்து உட்கார்ந்துவிட்டது.

மதிப்பெண்ணை அங்கேயே திருத்தினேன். ஒரு படியில் ஒரு காரணம் சொல்லாமல் விட்டிருந்தாள், அதனால் பத்துக்கு ஒன்பது. மன்னிப்பும் கேட்டேன். அவள் ‘இட்ஸ் ஓகே சார்’ என்றாள். போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டாள், ஆங்கிலத்தில்தான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் ஆயா, தாத்தா, தண்ணி, ரசம், சாமி பாட்டு, அவ்வளவுதான். “ஸ்கூல்ல எங்களுக்கு சியாவுலா இருந்துச்சே, யுனிவர்சிட்டிக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாதா சார்?” என்கிற அர்த்தத்தில் கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேன் என்று சொல்லித்தான் அனுப்பினேனே தவிர, சியாவுலா என்றால் என்னவென்றே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

விற்பனைக்கு அல்ல

அந்த வாரக் கடைசியில் வேறு வேலை ஓடவில்லை. நூலகத்திலிருந்து மூன்றாம் பதிப்பை எடுத்து வந்து, இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் விரித்துப் பக்கத்துக்குப் பக்கம் பார்த்தேன். மனைவி சாம்பார்ப் பாத்திரத்தை வைக்க இடமில்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாம் தடவை ஐந்தாம் பதிப்பின் மேலேயே வைத்துவிட்டாள். அட்டைப் படம் மாறியிருந்தது. முன்பு பாலம், இப்போது வண்ணக் கோடுகள். இரண்டு அத்தியாயங்கள் இடம் மாறியிருந்தன. பயிற்சிகள் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டது போலக் கலைந்திருந்தன. மற்றபடி சராசரி அதே சராசரிதான். நூறு வருஷமாக மாறாத பாடம், இனி மட்டும் எதற்கு மாறப்போகிறது?

பழைய புத்தகம் கைமாறினால் பதிப்பகத்துக்கு ஒரு காசு கிடையாது. அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை எண்களைக் கலைத்தால் பழையது செல்லாக்காசாகிவிடும். இப்போது இன்னும் ஒரு படி மேலே போய், புத்தகத்தோடு ஒரு ரகசியக் குறியீடு தருகிறார்கள். அதைப் போட்டால்தான் இணையத்தில் பயிற்சி திறக்கும், ஒருவர் போட்டுவிட்டால் அடுத்தவருக்கு உதவாது. வியாபாரம், அவர்கள் பாடு. என்னை உறுத்தியது வேறு. என் ஐந்தாம் பதிப்பின் முதல் பக்கத்தில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று ஒரு முத்திரை. பதிப்பகத்தின் பிரதிநிதி ஒருவர் நேரில் கொண்டுவந்து கொடுத்தது. கூடவே விடைக் கையேடு, வகுப்பில் காட்ட வேண்டிய ஸ்லைடுகள் எல்லாம் தயாராக. நான் ஒரு காசு கொடுக்கவில்லை. எட்டு வருஷமாக ஒவ்வொரு ஜனவரியும் பாடத்திட்டத் தாளில் அந்தப் புத்தகத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதன் விலை என்ன என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். 15 சதவீத வாட் வரியோடு தொள்ளாயிரம் ராண்டைத் தாண்டியது. இந்த நாட்டில் ரொட்டி மாவுக்கு வாட் கிடையாது, புத்தகத்துக்கு உண்டு.

நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பாடநூல் நிறுவனம் போட்ட புத்தகத்தை, மே மாதம் முழுக்க அலைந்து, மேல் வகுப்பு அண்ணன்களிடம் பாதி விலைக்கு வாங்கிப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, நான் முடித்ததும் அதிலும் பாதிக்கு அடுத்தவனுக்கு விற்றவன். நான் போய் மூன்றாம் பதிப்பு வைத்திருந்த பெண்ணுக்கு முட்டை போட்டிருக்கிறேன்.

வசதி இல்லாத பிள்ளைகளுக்குத்தான் அரசு உதவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2015 அக்டோபரில் கட்டணத்தை எதிர்த்து நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2017 டிசம்பரில், ஆண்டுக் குடும்ப வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் கல்லூரி இலவசம் என்று அறிவித்தார்கள். அந்த உதவியில் புத்தகத்துக்கும் ஒரு தொகை உண்டு. ஆனால் அந்த வருமானக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியவர்கள், இங்கே ‘நடுவில் விடுபட்டவர்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர், அப்போது எல்லாவற்றையும் கைக்காசில் கட்ட வேண்டியிருந்தது. அப்பா லாரி கம்பெனியில், அம்மா துணிக்கடையில், படிக்கிற பிள்ளைகள் மூன்று என்றால் கோட்டைத் தாண்டிவிடும். டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான். அவள் வீடும் அதில் ஒன்று.

திறக்கிறோம்

சியாவுலா என்றால் ஜூலு மொழியில் ‘நாங்கள் திறக்கிறோம்’ என்று அர்த்தம். 2002-ல் மார்க் ஹோர்னர் என்பவரும் கேப் டவுன் பல்கலைக்கழகத்து இயற்பியல் மாணவர்கள் சிலரும் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச அறிவியல் புத்தகம் எழுத ஆரம்பித்ததில் இருந்து வளர்ந்தது. பத்து வருஷத்தில் அரசே அந்தக் கணக்கு, அறிவியல் புத்தகங்களை அச்சடித்துப் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பள்ளிகளுக்குக் கொடுத்தது. அதாவது என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இப்படி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட திறந்த புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். 2007-ல் உலகெங்கும் இருந்து இதே யோசனைக்காரர்கள் கூடிப் பேசி, திறந்த கல்விக்கு ஒரு பிரகடனம் எழுதியது கேப் டவுனில். இதெல்லாம் நான் இருக்கிற நாட்டில் நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது இன்றைக்கும் கொஞ்சம் வெட்கம்தான்.

அவள் கேட்ட கேள்விக்கு விடை தேடியபோது அமெரிக்காவில், ஹூஸ்டனில், ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் கிடைத்தது. முதலாண்டுப் புள்ளியியலுக்கு 2013-ல் அவர்கள் போட்ட புத்தகம் ஒன்று. எழுதியவர்கள் பார்பரா இலாவ்ஸ்கி, சூசன் டீன் என்று கலிபோர்னியாவில் டி ஆன்சா கல்லூரி ஆசிரியைகள் இருவர். முதலில் அது சாதாரணமாக விலைக்கு விற்ற புத்தகம்தான். மேக்ஸ்ஃபீல்டு என்கிற அறக்கட்டளை உரிமையை விலை கொடுத்து வாங்கிப் பொதுவில் விட்டிருக்கிறது. படித்ததும் எனக்கு நாட்டுடைமைதான் ஞாபகம் வந்தது. பாரதியாரின் எழுத்தை 1949-ல் சென்னை அரசு வாங்கி ஊருக்குக் கொடுத்ததே, அது. நாம் ரொம்ப நாளாகச் செய்துவருகிற காரியம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். இந்தப் புத்தகத்தின் உரிமம், எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், எடுத்துக்கொள், அச்சடி, வெட்டு, ஒட்டு, மாற்று என்கிறது. இலவசம் என்பதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். ‘மாற்று’ என்பதன் அருமை, மாற்ற உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பாடம் நன்றாக இருந்தது, நான் வைத்திருந்த புத்தகத்தைவிடப் பல இடங்களில் தெளிவு. ஆனால் முதல் அத்தியாயத்திலேயே டி ஆன்சா கல்லூரியில் முழுநேர மாணவர் எத்தனை, பக்கத்து ஃபுட்ஹில் கல்லூரியில் எத்தனை என்று ஒப்பீடு. டர்பன் பிள்ளைக்கு ஃபுட்ஹில் என்றால் என்ன, டெட்ராய்ட் என்றால் என்ன? அப்புறம் பேஸ்பால். அப்புறம் டாலர். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை கால்குலேட்டர். அத்தியாயம்தோறும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-83-ல் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று விளக்கம். இங்கே ஒரு பிள்ளையிடமும் அது இல்லை. இருப்பதெல்லாம் பள்ளியிலிருந்து கொண்டுவரும் கேசியோ எஃப்எக்ஸ்-82இசட்ஏ.

அந்த டிசம்பர் விடுமுறையை அதற்கே கொடுத்தேன். டர்பன் டிசம்பர் எப்படிப் புழுங்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். போதாததற்கு நாட்டிலேயே முதல்முறையாக ஆறாம் கட்ட மின்வெட்டு அந்த டிசம்பரில்தான் வந்தது. மின்சாரம் இருக்கிறபோது தட்டச்சு, இல்லாதபோது மெழுகுவர்த்தியில் கேசியோவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி நோட்டில் குறிப்பு. முழு மக்கள்தொகைக்கான திட்டவிலக்கமும் அதிலிருந்து எடுத்த மாதிரிக்கான திட்டவிலக்கமும் அந்தக் கருவியில் அடுத்தடுத்து இருக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் எப்போதும் தப்பானதுதான் வரும். எட்டு வருஷமாக மாணவர்கள் அந்த ஒரு இடத்தில் ஏன் தவறுகிறார்கள் என்பது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் எனக்குப் புரிந்தது.

ஃபுட்ஹில்லை எடுத்துவிட்டு டாக்சியைப் போட்டேன். டாக்சி என்றால் இங்கே பதினைந்து பேர் அடைந்து போகும் மினிபஸ். பிப்ரவரியில் வகுப்பு தொடங்கியதும், அன்று காலை டாக்சிக்கு எத்தனை நிமிஷம் காத்திருந்தீர்கள் என்று ஆளாளுக்கு ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு, இருபது. ஒரு பையன் 95 என்று எழுதியிருந்தான். அவன் வருகிற வழியில் அன்று டாக்சிக்காரர்கள் ஸ்டிரைக். அவனைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்று, இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற எண், எடுத்தால் வேறொன்று. எது உங்கள் காலையைச் சரியாகச் சொல்கிறது என்று கேட்டேன். அரை மணி நேரம் சண்டை. கிளினிக்கும் ஆப்பிளும் எட்டு வருஷத்தில் ஒருநாளும் அப்படி ஒரு சண்டையைத் தந்ததில்லை.

ஜெராக்ஸ் கடை

எல்லோரிடமும் நல்ல போன் இல்லை. இருப்பவர்களிலும் காகிதத்தில்தான் படிக்க வரும் என்பவர்கள் உண்டு, நானே அந்தக் கட்சி. அதனால் முதல் ஐந்து அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும், வெருலம் பக்கம், தாத்தா காலத்தில் வந்த வேலூர்க் குடும்பம். கடையில் ‘முழுப் புத்தகம் நகலெடுக்கப்படாது’ என்று பெரிய அட்டை தொங்கும். அட்டைக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது, சோதனை போட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. உரிமம் இருந்த பக்கத்தைக் காட்டி விளக்கினேன். இரண்டு தடவை படித்தார். “வாத்தியாரே வந்து புக்கை ஜெராக்ஸ் போடு இன்றாரு, முப்பது வருசத்துல இதான் மொத தடவ” என்று சிரித்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை குறைத்துக் கொடுத்தார். அவர் தமிழ் அப்படித்தான், வட ஆற்காட்டு வாடை இன்னும் போகவில்லை.

ஒரே மாதத்தில் ஊரடங்கு வந்தது. 2020 மார்ச் 26 நள்ளிரவு. பிள்ளைகள் பொங்கோலா, நொங்கோமா என்று எங்கெங்கோ இருக்கும் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நூலகத்தில் இரண்டு மணி நேரக் கடனுக்குக் கிடைக்கும் பாடப்புத்தகத்தை நம்பியிருந்த வகுப்புகள் எல்லாம் அந்தரத்தில் தொங்கின. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் போனில் பிடிஎஃப்பாகப் புத்தகத்தை வைத்திருந்தார்கள், கல்லூரி வைஃபையில் இறக்கியது. இது என் தீர்க்கதரிசனம் இல்லை, குருட்டு அதிர்ஷ்டம். வீடியோ பாடத்துக்கு டேட்டா வாங்கி மாளாது. ஆனால் புத்தகம் ஒரு தடவை இறங்கிவிட்டால் அப்புறம் சிக்னலே இல்லாத மலையிலும் திறக்கும்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. துறைக் கூட்டத்தில் ஒருவர், ஓசியில் கிடைப்பது ஓசித் தரத்தில்தான் இருக்கும் என்றார். படித்துப் பார்த்தீர்களா என்றேன். பார்க்கவில்லை. சரி. ஆனால் ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் திருநெல்வேலி நண்பன் போனில் கேட்டதை அப்படித் தள்ள முடியவில்லை. “எல்லாத்தையும் சும்மா குடுத்தா, எழுதுறவன் எதத் தின்னுட்டு எழுதுவான்ல?” நியாயமான கேள்வி. டி ஆன்சா ஆசிரியைகளுக்குக் கல்லூரிச் சம்பளம் இருந்தது, உரிமையை வாங்க ஒரு அறக்கட்டளை வந்தது. கேப் டவுனில் ஜோஹன் ஃபேகன் என்கிற மருத்துவர், காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சைக்கு ஒரு திறந்த நூலைத் தொகுத்திருக்கிறார். பல நாட்டு மருத்துவர்கள் அத்தியாயம் எழுதித் தந்திருக்கிறார்கள், அவர்களும் சம்பளக்காரர்கள். ஜூலுவில் ஒருவர் வணிகச் சட்டப் புத்தகம் எழுத நினைத்தால் அவருக்கு யார் படி அளப்பது? யாராவது அளக்க வேண்டும், அது மாணவனாக இருக்கக் கூடாது என்பதுவரைதான் என்னால் நண்பனிடம் சொல்ல முடிந்தது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதனால் படிப்பே மலிந்துவிட்டது என்று நான் சொன்னால் அது புளுகு. கட்டணம், விடுதி, டாக்சிக் காசு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு புத்தகத்தின் விலை சின்னதுதான். கட்டணத்தைக் குறைக்கிற அதிகாரம் எனக்கு இல்லை, டாக்சியைச் சீக்கிரம் வரவழைக்கவும் முடியாது. பாடத்திட்டத் தாளில் புத்தகத்தின் பெயரை எழுதுகிற பேனா மட்டும் என் கையில் இருந்தது. எட்டு வருஷமாக அதில் நான் எழுதிக்கொண்டிருந்தது, நான் வாங்காத ஒரு பொருளின் பெயர்.

அந்தப் பெண்ணின் ஆயாவை 2022 ஆடியில் மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும்போது பார்த்தேன். அவள்தான் கூட்டிவந்து அறிமுகம் செய்தாள். எண்பதைத் தாண்டிய கிழவி, நெற்றி நிறைய விபூதி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாப்பாக்கு முட்டை போட்டது நீங்கதானா தம்பி?” என்றார். மூன்று வருஷமாகியும் வீட்டில் அந்த முட்டை உடையவில்லை. பேத்திக்கு அர்த்தம் புரியவில்லை, நல்லவேளை.

ஆயா பிறந்தது மேகசீன் பேரக்ஸில், டர்பன் நகரசபைத் தொழிலாளிகளின் லைன் வீடு. பிற்பாடு எல்லோரையும் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்றால், பெற்றவர்கள் ஒரு பவுண்டு சேர்த்தால் அரசு ஒரு பவுண்டு தரும் என்கிற காலம். எங்கள் வலங்கைமான்காரர் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்திருந்தபோது இந்தியர்களிடம் திரட்டிய பணத்தில்தான் 1929-ல் சாஸ்திரி கல்லூரி எழுந்தது. ஆயாவின் அப்பாவும் கொடுத்தாராம். எவ்வளவு என்று ஆயாவுக்குத் தெரியாது, அந்த மாசம் வீட்டில் மீன் வாங்கவில்லை என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே வாசகப் புத்தகமாம். மூத்தவன் நேரே இருந்து படிப்பான், எதிரே உட்கார்ந்த ஆயா அதைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றிருக்கிறார். “இன்னிக்கும் எனக்குத் தலைகீழா வச்சாதான் வேகமா வரும்” என்றார். பக்கத்தில் கிடந்த கோயில் நோட்டீசை எடுத்துத் திருப்பி வைத்துப் படித்தும் காட்டினார்.

பேத்தி இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறாள். போன வருஷம் அவளிடமிருந்து ஒரு செய்தி. அவளுடைய தம்பி என் வகுப்பில் சேர்ந்திருக்கிறான், நாலாம் அத்தியாயம் 17-வது பயிற்சியின் விடையில் தசமப் புள்ளி இடம் மாறியிருக்கிறது, அவன் சொல்லக் கூச்சப்படுகிறான், நான் சொல்கிறேன் என்று. பார்த்தேன், தப்புதான். அன்று ராத்திரியே திருத்திப் புதிய கோப்பை ஏற்றினேன். அப்படியே அந்த இடத்தில் இன்னொரு கணக்கையும் சேர்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு 18 என்று எண் கொடுக்கவில்லை, 17-ஏ என்று கொடுத்தேன். பழைய கோப்பை வைத்திருப்பவனுக்கும் 18 பதினெட்டாகவே இருக்கட்டும். இந்த மாதிரிச் சேர்த்துச் சேர்த்து இப்போது 17-டி வரை போயிருக்கிறது. அச்சில் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஜெராக்ஸ் அண்ணன்கூட ஒருநாள் கேட்டார்.